உங்களுக்குத் தெரியுமா? எல்லாம் ஆரம்பம்தான், ஆனால் ஒன்றல்ல!

தமிழில் ‘ஆரம்பம்’, ‘தொடக்கம்’, ‘முதலில்’ என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் சொற்கள் இருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும். எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம் வரும். விண்ணப்பம், நன்றியுரை, நேர்காணல், ஒப்பந்தம் என்று நம் பிள்ளைகள் இடறும் இடங்களில் இந்தச் சொற்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்காவது இது உதவ வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

★ ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘துள்ளுதல், குதித்தல்’ என்று பொருள். தூக்கிவாரிப்போட்டது என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஸ்டார்ட்டில்’ அதே வேரில் முளைத்தது. அந்தத் துள்ளல் இன்னும் போகவில்லை. வண்டி, மோட்டார், ஜெனரேட்டர் எதுவானாலும் ‘ஸ்டார்ட்’தான். ‘பிகின்’ அங்கே நுழையவே முடியாது. ‘செல்ஃப் எடுக்கலை, கிக்கரை உதைச்சு ஸ்டார்ட் பண்ணு’ என்று மெக்கானிக் ஷெட்டில் சொல்வது ஆங்கில இலக்கணப்படியும் சரியான தேர்வு. கடை, தொழில், சண்டை இவற்றையும் ‘ஸ்டார்ட்’ செய்வதுதான் வழக்கம். கதை, கூட்டம், பாடம், மழை என்றால் இரண்டும் பொருந்தும். ‘பிகின்’ கொஞ்சம் நிதானமானது, எழுத்து நடைக்கு ஏற்றது. அவ்வளவுதான்.

★ ‘வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன்’ என்பதற்கு நாம் ‘ஐயாம் ஸ்டார்ட்டிங்’ என்கிறோம். பழைய பிரிட்டிஷ் வழக்கில் இது சரிதான். இன்றைய லண்டன்காரர் ‘லீவிங்’ அல்லது ‘செட்டிங் ஆஃப்’ என்றே சொல்வார். அவரிடம் ‘ஸ்டார்ட்டிங்’ என்றால், எதை ஆரம்பிக்கிறீர்கள் என்று ஒரு கணம் யோசிப்பார்.

★ ‘கமென்ஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. அதனால்தான் இன்றும் இந்தச் சொல்லில் சட்ட வாசனை அடிக்கிறது. இந்தியச் சட்டம் எதையாவது எடுத்து முதல் பிரிவைப் பாருங்கள். தலைப்பு, எங்கெங்கே செல்லும் என்ற விவரத்தோடு ‘கமென்ஸ்மென்ட்’ என்ற சொல்லும் பெரும்பாலும் இருக்கும். ஒரு சட்டம் நிறைவேறும் நாள் வேறு, அது நடைமுறைக்கு வரும் நாள் வேறு. இரண்டாவது நாளுக்குப் பெயர்தான் ‘கமென்ஸ்மென்ட்’.

நம் அரசியலமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்ற சில பிரிவுகள் அன்றே உயிர்பெற்றன. மற்றவற்றுக்கு 1950 ஜனவரி 26. இந்த இரண்டாவது நாள்தான் ‘கமென்ஸ்மென்ட்’ என்று 394ஆம் பிரிவு தெளிவாக வரையறுக்கிறது. இது ஏதோ சம்பிரதாய வரி என்று நினைத்துவிடாதீர்கள். அரசியலமைப்பில் பல காலக்கெடுக்கள் இந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கல்வி தர ‘கமென்ஸ்மென்ட்’டிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்று 45ஆம் பிரிவு சொன்னது. 1960 வந்து போனது, கெடு கெடுவாகவே நின்றது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1இல்தான்.

ஆங்கிலம் அலுவல் மொழியாகத் தொடர்வதற்கு 343ஆம் பிரிவு கொடுத்த 15 ஆண்டும் அதே நாளிலிருந்து எண்ணப்பட்டது. 1950 ஜனவரி 26இலிருந்து எண்ணினால் 1965 ஜனவரி 26. இந்தி எதிர்ப்பில் தமிழகம் பற்றி எரிந்ததும் மாணவர்கள் வீதிக்கு வந்ததும் அந்தக் குடியரசு நாளை ஒட்டித்தான். வேறு நாளில் ஏன் வெடிக்கவில்லை என்று கேட்கும் இளைஞர்களுக்குக் காட்ட வேண்டியது அந்த ‘கமென்ஸ்மென்ட்’ தேதியைத்தான்.

★ அதே ‘கமென்ஸ்மென்ட்’ அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டமளிப்பு விழாவின் பெயர். படிப்பு முடிகிற நாளுக்கு ஆரம்பம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டதாரி வாழ்வு அன்று தொடங்குகிறது என்ற கணக்கு. அங்கே படிக்கும் பிள்ளையிடமிருந்து ‘மே மாதம் கமென்ஸ்மென்ட்’ என்று சேதி வந்தால், புது வகுப்பு தொடங்குகிறது என்று எண்ணிக்கொண்டு விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

★ ‘பள்ளி திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பம்.’ தமிழில் இது குறையில்லாத வாக்கியம். இதை அப்படியே ‘ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் மண்டே’ என்று எழுதும்போதுதான் பிழை. கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மணிக்கு ‘அட்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. ‘ஃப்ரம்’ வர வேண்டுமென்றால் முடிவும் கூட வருவது நல்லது: பத்திலிருந்து ஐந்து வரை. விலைப் பட்டியல் மட்டும் விலக்கு. ‘499 ரூபாயிலிருந்து’ என்று துணிக்கடை விளம்பரத்தில் ‘ஃப்ரம்’ போடலாம், தவறில்லை.

★ பள்ளி ஆண்டு விழா. மேடையில் ஒரு மாணவி. கையில் நான்காக மடித்துப் பிரித்த தாள். ‘அட் ஃபர்ஸ்ட், ஐ தேங்க் அவர் சீஃப் கெஸ்ட்’ என்று நன்றியுரையைத் தொடங்குகிறாள். தமிழகத்தில் இந்த வரியைக் கேட்காத மேடை குறைவு. எழுதிக் கொடுத்த ஆசிரியருக்கும் இது தவறென்று தெரிந்திருக்காது. ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் ‘முதலில்’தான்.

‘அட் ஃபர்ஸ்ட்’ என்றால் ‘ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறிவிட்டது’ என்று பொருள். அதைக் கேட்டதும் ஆங்கிலேயர் காது அடுத்து வரப்போகும் ‘ஆனால்’ என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும். முதலில் சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொல்கிறேன், பிறகு அந்த நன்றியைத் திரும்பப் பெறுகிறேன் என்ற தொனி அந்த வரிக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை சொல்ல வேண்டியது ‘ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்’. வரிசையில் முதலாவதாக என்று அர்த்தம்.

நேர்காணலிலும் இதைக் கவனிக்க வேண்டும். ‘முதலில் சேலத்தில் வேலை பார்த்தேன், அப்புறம் ஈரோடு’ என்றால் வெறும் ‘ஃபர்ஸ்ட்’ போதும். ‘முதலில் அந்த வேலை பிடிக்கவில்லை, போகப்போகப் பிடித்துவிட்டது’ என்றால்தான் ‘அட் ஃபர்ஸ்ட்’. இடம் மாறினால், சேலத்தில் ஏதோ கசப்பு நடந்தது போல எதிரில் உட்கார்ந்திருப்பவர் எடுத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை இதுதான்.

★ ‘இன் தி பிகினிங்’ என்பதும் ‘அட் ஃபர்ஸ்ட்’டின் பங்காளிதான்: ஆரம்ப காலத்தில். ‘அட் தி பிகினிங்’ என்பது ஒரு புள்ளி. அதன் பின்னால் பெரும்பாலும் ‘எதனுடைய’ என்பது வரும்: மாதத்தின் தொடக்கத்தில், படத்தின் தொடக்கத்தில். விவிலியத்தின் ஆதியாகமமும் யோவான் நற்செய்தியும் ஆங்கிலத்தில் ‘இன்’ போட்டுத்தான் தொடங்குகின்றன. அங்கே சொல்லப்படுவது ஒரு கணம் அல்ல, ஆதிகாலம்.

★ தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டது என்று வானிலைத் துறை அறிவிக்கும்போது பயன்படுத்தும் சொல் ‘ஆன்செட்’. ‘ஸ்டார்ட்’டும் இல்லை, ‘பிகினிங்’கும் இல்லை. ‘ஆன்செட்’டின் பழைய பொருள் தாக்குதல், பாய்ந்து வருதல். நாம் தொடங்கிவைக்காமல், தானாக வந்து நம்மைச் சூழ்வதற்குத்தான் இந்தச் சொல். மழைக்காலம், குளிர், காய்ச்சல், நீரிழிவு, முதுமை எல்லாவற்றுக்கும் ‘ஆன்செட்’ உண்டு. திருமணத்துக்கு இல்லை.

வானிலைத் துறை இதை மனம்போன போக்கில் அறிவிப்பதில்லை. மினிக்காய் முதல் மங்களூர் வரை 14 நிலையங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். மே 10க்குப் பிறகு, அவற்றில் 60 சதவீத இடங்களிலாவது தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பதிவாக வேண்டும். கூடவே மேற்குக் காற்றின் வேகமும் அது எந்த உயரம் வரை வீசுகிறது என்பதும், பூமியிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சின் அளவும் சரியாக இருக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் இரண்டாம் நாளில் ‘ஆன்செட்’ அறிவிப்பு. வழக்கமான நாள் ஜூன் 1. நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர் 20ஐ ஒட்டி. அதனால், மே மாதக் கோடை மழையில் நனைந்துவிட்டு ‘ஆன்செட்’ என்று எழுதுவது சரியல்ல.

இதை அப்படியே திருப்பிப் போட்டது போல் இருக்கும் ‘அவுட்செட்’டுக்கு மழையோடும் நோயோடும் சம்பந்தமில்லை. ஒரு பேச்சு, திட்டம், பயணம் இவற்றின் தொடக்கம் அது. ‘அட் தி அவுட்செட்’ என்று கடிதத்தைத் தொடங்கலாம், மரியாதையாகவே இருக்கும்.

★ தானாக வருவதற்கு இன்னும் சில: போர், தீ, தொற்றுநோய் என்றால் ‘பிரேக் அவுட்’. அழுகை, சிரிப்பு, பாட்டு திடீரென்று கிளம்பினால் ‘பர்ஸ்ட்’ அல்லது ‘பிரேக் இன்டு’. மெல்ல வந்து நிலைகொள்ளும் தொல்லைகளுக்கு ‘செட் இன்’. அடைமழை ‘செட் இன்’ ஆகும், விரக்தியும் ‘செட் இன்’ ஆகும், மகிழ்ச்சி ஆகாது.

★ ‘இனாகுரேட்’ என்ற சொல்லுக்குள் ஒரு பறவை பறக்கிறது. பழைய ரோமில் ‘ஆகர்’ என்ற நிமித்தக்காரர்கள் இருந்தார்கள். பறவை எந்தப் பக்கம் பறக்கிறது, எப்படிக் கூவுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அவர்கள் நல்ல குறி சொன்ன பிறகே பதவியேற்பும் பெரிய காரியமும். அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். சங்க காலத் தமிழர் புள் நிமித்தம் பார்த்ததும் இதே வழக்கம்தான். கடல் கடந்த இரண்டு நாகரிகங்கள் பறவையைக் கேட்டுவிட்டுக் காரியம் தொடங்கியிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அமெரிக்க அதிபர் பதவியேற்பது ‘இனாகுரேஷன்’. முன்பு மார்ச் 4இல் நடந்தது, 1937இலிருந்து ஜனவரி 20. நம் ஊரில் அமைச்சர் பதவியேற்றால் ‘ஸ்வேரிங் இன்’. கட்டடத்துக்கும் கண்காட்சிக்கும்தான் ‘இனாகுரேஷன்’. பெட்டிக்கடைக்கு ‘ஓப்பனிங்’ போதும்.

★ கப்பலைக் கடலில் இறக்குவது ‘லாஞ்ச்’. பணியில் சேர்ப்பது ‘கமிஷன்’. கொச்சியில் கட்டிய ஐஎன்எஸ் விக்ராந்த் ‘லாஞ்ச்’ ஆனது 2013 ஆகஸ்டில். கடற்படையில் ‘கமிஷன்’ ஆனது 2022 செப்டம்பர் 2இல். நடுவில் ஒன்பது ஆண்டு. இறக்கும்போது அது பெரும்பாலும் உடற்கூடுதான். இயந்திரம், கருவிகள், கடலோட்டச் சோதனை எல்லாம் அதன் பிறகு. இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதப்பட்ட செய்திகளைப் படித்து, ஒரே கப்பலை எத்தனை தடவை திறப்பார்கள் என்று குழம்பியவர்கள் உண்டு. ‘லாஞ்ச்’ என்ற சொல்லுக்கு மூலம் ஈட்டி எறிதல். அதனால் ராக்கெட்டுக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ராக்கெட் தரையை விட்டு எழும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் தனிப்பெயர், ‘லிஃப்ட் ஆஃப்’. விமானத்துக்கு ‘டேக் ஆஃப்’.

★ கிரிக்கெட் ரசிகர்களுக்கு: முதல் தடவை களமிறங்குவது ‘டெப்யூ’. முதல் தடவை சாதிப்பது ‘மெய்டன்’. அஷ்வினின் டெஸ்ட் ‘டெப்யூ’ 2011 நவம்பரில் டெல்லியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. அந்த ஆட்டத்திலேயே 9 விக்கெட். அதே தொடரின் மும்பை ஆட்டத்தில் 103 ரன் எடுத்தார், அது ‘மெய்டன்’ சதம். சச்சினுக்கு இடைவெளி அதிகம். ‘டெப்யூ’ 1989 நவம்பரில் கராச்சி, ‘மெய்டன்’ டெஸ்ட் சதம் 1990 ஆகஸ்டில் மான்செஸ்டர். களமிறங்கிய ஆட்டத்திலேயே சதம் அடித்தவரைப் பற்றி ‘டெப்யூ சதம்’ என்று தாராளமாக எழுதலாம். மற்றவர்களுக்கு அப்படி எழுதினால் தகவலே பிழையாகிவிடும்.

‘மெய்டன் ஓவர்’ மட்டும் வேறு வகை. அது முதல் ஓவர் அல்ல, பந்துவீச்சாளர் கணக்கில் ரன்னே ஏறாத ஓவர்.

★ புத்தகத்தின் முன்பக்கங்களில் ஆங்கிலத்துக்கு நான்கு வாசல். பிறர் எழுதித் தருவது ‘ஃபோர்வேர்ட்’. நூலாசிரியர் தானே எழுதுவது ‘ப்ரீஃபேஸ்’. நூலின் பொருளுக்குள் அழைத்துச் செல்வது ‘இன்ட்ரொடக்ஷன்’. கதையின் பகுதியாகவே வருவது ‘ப்ரோலாக்’. முதல் சொல்லை, முன்னோக்கி என்று பொருள்படும் ‘ஃபார்வர்ட்’ என்ற எழுத்துக்கூட்டலோடு அச்சடித்த தமிழ்நாட்டுப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ‘வேர்ட்’, அதாவது ‘சொல்’ இருக்கிறது என்று நினைவில் வைத்தால் பிழை வராது.

இந்தப் பாகுபாட்டில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்துக்கு வேறு ஏழு பெயர்களை அடுக்குகிறது. முகவுரையும் அணிந்துரையும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. சிறப்புப்பாயிரத்தை யார் எழுதலாம் என்றும் வரையறுக்கிறது. ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகிய நால்வர் மட்டும். எவ்வளவு கற்றவரும் தன்னைத் தானே புகழக்கூடாது என்பது காரணம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பது உரையாசிரியர்கள் வழிவரும் செய்தி. நன்னூல் கணக்கில் இரண்டாம் வகை. இன்று பின்னட்டையில் பாராட்டு எழுதுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாளர்கள் இந்தச் சூத்திரத்தை ஒருமுறை படிக்கலாம்.

★ கம்பெனி தொடங்குபவர்கள் கவனிக்க: ‘இன்கார்ப்பரேஷன்’ சான்றிதழ் கையில் வந்துவிட்டால் கம்பெனி பிறந்துவிட்டது, அவ்வளவுதான். பங்கு மூலதனம் உள்ள நிறுவனங்கள் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட பணம் வந்துசேர்ந்ததை உறுதிசெய்து, பதிவான 180 நாளுக்குள் ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பெயர் ‘கமென்ஸ்மென்ட் ஆஃப் பிசினஸ்’. கம்பெனிச் சட்டம் 10ஏ பிரிவு. இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டால் அபராதம் வரும். மியூச்சுவல் ஃபண்ட் தாள்களில் பார்க்கும் ‘சின்ஸ் இன்செப்ஷன்’ வேறு. திட்டம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை கிடைத்த வருமானம் அது. நீங்கள் பணம் போட்ட நாளிலிருந்து அல்ல. முகவர் அந்த எண்ணைக் காட்டினால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

★ ‘ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ என்றால் கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குவது. ‘ஸ்க்ராட்ச்’ என்பது ஓட்டப் பந்தயத்தில் தரையில் கீறிய தொடக்கக் கோடு. சலுகை பெற்றவர்கள் கோட்டுக்கு முன்னே நிற்பார்கள், சலுகை இல்லாதவர் கோட்டிலேயே நிற்பார். ‘பேக் டு ஸ்கொயர் ஒன்’ என்றால் செய்ததெல்லாம் வீண், மறுபடி பழைய இடம். ‘பேக் டு தி டிராயிங் போர்ட்’ அவ்வளவு சோகமில்லை. திட்டம் பலிக்கவில்லை, வேறு திட்டம் போடுவோம் என்பது. 1941இல் ‘நியூயார்க்கர்’ இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரத்தால் பரவியது. விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்க, வடிவமைத்தவர் வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.

★ ‘ஈவ்’ என்றால் முந்தைய நாள். ‘நியூ இயர்ஸ் ஈவ்’ டிசம்பர் 31, ஜனவரி 1 அல்ல. குடியரசுத் தலைவர் சுதந்திர நாளின் ‘ஈவ்’ அன்று உரையாற்றுகிறார் என்றால் ஆகஸ்ட் 14 மாலை.

★ ‘ஃப்ரெஷர்’ என்றால் நமக்கு வேலை அனுபவம் இல்லாத புதுப் பட்டதாரி. பிரிட்டனில் அது பல்கலைக்கழக முதலாண்டு மாணவர். பட்டம் பெற்ற பிறகு அங்குள்ள நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது ‘ரீசன்ட் கிராஜுவேட்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள்.

★ கடைசியாக, தினமும் கைக்கு வரும் ஒன்று. மழையால் நின்ற ஆட்டம் விட்ட இடத்திலிருந்து நடந்தால் ‘ரெஸ்யூம்’, ஸ்கோர் அப்படியே இருக்கும். பூஜ்யத்திலிருந்து நடந்தால் ‘ரீஸ்டார்ட்’. கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளி ‘ரீஓப்பன்’ ஆகும். மருத்துவ விடுப்போ மகப்பேறு விடுப்போ முடிந்து அலுவலகம் திரும்புகிறவர்கள் கடிதத்தில் ‘ரெஸ்யூம்ட் டியூட்டி’ என்றே எழுதுங்கள். ‘ஸ்டார்ட்டட்’ என்றோ ‘கமென்ஸ்ட்’ என்றோ எழுதினால் அன்றுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்ததாகப் பொருள் வரும். பணிப்பதிவேட்டில் அப்படி ஒரு வரி ஏறிவிட்டால் அதைத் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டும்.